கொச்சிக் கரையில் ஒரு ரசிகன் – 9: திரைக்குள் கேட்ட தமிழ்

குட்டநாட்டு வெள்ளம் வடிவதற்காக ஒரு வீட்டார் சவத்தை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும் ‘உள்ளொழுக்கு’ படத்தைப் பற்றிச் சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு, மதுரையிலிருந்து என் சின்னம்மா மகன் தொலைபேசியில் அழைத்தான். “அண்ணே, நீங்க சொல்ற படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மலையாளமே தெரியாத நான் எதை முதல்ல பார்க்கிறது, அதைச் சொல்லுங்க” என்றான். நியாயமான கேள்வி. இந்த வாரம் முழுவதும் அவனுக்கே விடை சொல்வதாக உத்தேசம்.

மிளகுப் பாண்டிகசாலை ஒன்றில் கணக்கெழுத வந்த தகப்பனாருக்கு மகனாக மட்டாஞ்சேரியில் பிறந்து, திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிலும் கொங்கணியையும், குஜராத்தித் தெருவில் குஜராத்தியையும், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுப்பதற்காகக் குடியேற்றப்பட்டவர்களின் சந்ததியார் இன்றும் அத்தொழிலைச் செய்துவரும் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தமிழையும் ஒரே காலைப்பொழுதில் கேட்டு வளர்ந்தவன் நான். இத்தனை மொழிகளுக்கு இடம் தந்த இதே ஊரின் திரையரங்குகளில்தான் பால்ய காலத்தில் என் மனம் பலமுறை புண்பட்டது. மலையாளப் படத்தில் ஒரு தமிழன் தோன்றினால், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே சபையில் சிரிப்பு எழும். நெற்றி நிறைய விபூதியும், பொருந்தாத உச்சரிப்பும், முட்டாள்தனமும் அவனுக்கென்று ஒதுக்கப்பட்ட லட்சணங்கள். தமிழ்ப் படங்கள் மலையாளிக்குச் செய்த உபசாரமும் இதைவிட மேலானதன்று; டீக்கடை நாயர் என்னும் ஒரே பாத்திரத்தை எத்தனை தலைமுறைகள் பார்த்திருக்கிறோம்! அண்டை வீட்டாரைக் கேலிப்பொருளாக மட்டுமே கண்ட அந்தக் கண் இந்தச் சில வருஷங்களில் மாறியிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். நான் விமரிசகன் அல்லன், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ரசிகன். ஆனாலும் இந்த மாறுதலை நான் அரங்கின் இருட்டிலேயே உட்கார்ந்து உணர்ந்தவன்.

அதை முதன்முதலாக உணர்த்தியது, 2019ஆம் வருஷம் பிப்ரவரியில் வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’. மது சி. நாராயணன் இயக்கி, சியாம் புஷ்கரன் எழுதிய படம். எங்கள் ஊருக்குத் தெற்கே, காயல்கள் சூழ்ந்த கும்பளங்கியில், சகோதரர்கள் நால்வர் வாழும் சிதைந்த வீட்டின் கதை. மூத்தவனான சஜிக்கு இருக்கும் ஒரே உற்ற நண்பன் துணி தேய்க்கும் ஒரு தமிழன். உழைக்காமல் அவனுடைய சம்பாத்தியத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சஜி ஒருநாள் உயிரை மாய்த்துக்கொள்ள முயல, அவனைக் காப்பாற்றப் போய் அந்தத் தமிழன் உயிர் விடுகிறான். கர்ப்பிணியான அவன் மனைவியிடம் சஜி மன்னிப்புக் கேட்டுக் கதறுவதும், பின்னர் அந்தப் பெண் அவ்வீட்டுக்கே வந்து சேருவதும் கதையின் கிளைதான். எனக்கோ அதுவே வேர். அந்தத் தம்பதியாக ரமேஷ் திலக்கும் ஷீலா ராஜ்குமாரும் சிறிது நேரமே வருகிறார்கள். எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரும் நானும் ஒரே காட்சிக்குப் போயிருந்தோம். வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகுதான் அவர் பேசினார்: “பாத்தீங்களா அய்யா, அந்தப் பொண்ணு தமிழ்ல பேசினப்ப ஒருத்தர்கூடச் சிரிக்கலை.”

ஆயினும் தம்பி முதலில் பார்க்கவேண்டியது இதுவன்று; லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவிலும், அடுத்த மாதம் திரையரங்குகளிலும் வெளியான இந்தப் படத்தைப் பார்க்க மலையாளம் தேவையில்லை என்றே சொல்லிவிடலாம். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒரு மலையாள நாடகக் குழு, மதிய உணவுக்குப் பின் வண்டியில் உறங்குகிறது. தமிழ்நாட்டுச் சாப்பாடே பிடிக்காத ஜேம்ஸ் என்னும் கிறிஸ்தவர், மம்மூட்டி, திடீரென விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல்வெளி ஊடே நடந்து, முன்பின் அறியாத ஒரு கிராமத்துக்குள் புகுந்து, ஒரு வீட்டில் தன் வீட்டைப்போல நுழைந்து, மாட்டுக்குத் தீனி வைத்து, சுத்தமான தமிழில் பேசத் தொடங்குகிறார். இரண்டு வருஷங்களுக்கு முன் அவ்வீட்டிலிருந்து காணாமற்போன சுந்தரமாகவே அவர் ஆகிவிட்டார். வாசலில் ஜேம்ஸின் மனைவியும் மகனும் கலங்கி நிற்க, உள்ளே சுந்தரத்தின் மனைவி பேச்சற்று நிற்கிறாள். கண் தெரியாத தாய் மாத்திரம் இதில் விசேஷம் ஏதும் இருப்பதாகவே கருதாமல், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து பழைய படத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் தாயை நான் மறக்கமாட்டேன். இந்தப் படத்துக்கென்று தனியே பின்னணி இசை அமைக்கப்படவில்லை. கிராமத்தின் வானொலிகளிலிருந்தும் தொலைக்காட்சிகளிலிருந்தும் ஓயாமல் ஒழுகிவரும் பழைய தமிழ்ப் படப் பாட்டுகளும் வசனங்களுமே இதன் சங்கீதம். வெயிலில் வெறிச்சிட்ட திண்ணை, தூங்கும் நாய், எங்கோ ஒரு வீட்டிலிருந்து நம் பாட்டிமார் காலத்துப் பாட்டு: தமிழ்நாட்டுக் கிராமத்தின் மத்தியானத்தைத் தமிழ்ப் படங்களே இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததுண்டா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தேனி ஈஸ்வரின் காமிரா ஒவ்வொரு காட்சியிலும் ஓரிடத்தில் அமர்ந்துவிட்டு, மனிதர்கள் வருவதையும் போவதையும், வாசற்படிக்கு அப்பால் இன்னொரு வாசற்படி தெரிவதையும், அவசரமின்றி நம்மிடம் காட்டுகிறது. பழனியை ஒட்டிய பகுதியில் எடுக்கப்பட்டது. உறக்கத்தையும் மரணத்தையும், விழிப்பையும் பிறப்பையும் இணைத்து வள்ளுவர் சொன்ன குறள் ஒன்று, அக்குழுவினர் தங்கும் விடுதியில் பேச்சில் வருகிறது. அதை ஒரு தமிழர் ஒரு மலையாளிக்கு விளக்கும்போது, கதையின் திறவுகோல் இரண்டு மொழிகளுக்கும் நடுவே கைமாறுவதைப் பார்க்கலாம். கேரள அரசு அவ்வருஷத்தின் சிறந்த படமாக இதையும், சிறந்த நடிகராக மம்மூட்டியையும் தேர்ந்தெடுத்தது. குறை சொல்வதானால், ஒரு கிராமம் அன்னியன் ஒருவனை இவ்வளவு மென்மையோடு சகித்துக்கொள்ளுமா என்று கேட்கலாம். சகித்துக்கொண்டால் எப்படியிருக்கும் என்று பார்க்கவே நான் மூன்றாம் தடவை போனேன்.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தைத் தம்பி ஏற்கெனவே பார்த்துவிட்டானாம். 2024 பிப்ரவரியில் வந்து, தமிழில் மொழிமாற்றம் செய்யப்படாமலே தமிழ்நாட்டில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப்பட்ட படமாதலால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எர்ணாகுளத்துக்கு வடக்கே ஏலூரை அடுத்த மஞ்ஞும்மல் வாலிபர்கள் 2006இல் கொடைக்கானலில் குணா குகைப் பிலத்தில் விழுந்த தோழனை மீட்ட உண்மைச் சம்பவம் அது. சிதம்பரம் என்னும் இளம் இயக்குநர் அதில் செய்திருக்கும் ஒன்றை மாத்திரம் குறிப்பிட ஆசைப்படுகிறேன். ஊரில் வடம் இழுக்கும் பந்தயத்தில் போட்டி போடும் பிள்ளைகளை முன்னரே காட்டிவிடுகிறார். பிறகு மலையில், மழையில், அதே கைகள் ஓர் உயிரைக் கயிற்றில் கட்டி இழுக்கும்போது, விளையாட்டு எதற்காகக் கற்றுக்கொள்ளப்பட்டது என்பது சொல்லாமலே விளங்குகிறது. 1991இல் ‘குணா’வுக்காக இளையராஜா காதலர்க்கென்று அமைத்த பாட்டு, இங்கே மண்ணும் ரத்தமும் பூசிய இரு நண்பர்கள் வெளிச்சத்துக்கு வருகையில் ஒலிக்க, எர்ணாகுளத்து அரங்கில் எனக்கு முன்வரிசையிலிருந்த மலையாளப் பிள்ளைகள் தமிழ்ச் சொற்களை ஒன்றுவிடாமல் உடன் பாடினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துப் பாட முடியவில்லை. முதல் அரைமணி நேரத்துக் கூச்சலைக் குறைத்திருக்கலாம் என்ற எண்ணம் அப்போது மறைந்து, வீடு திரும்பிய பின் மறுபடி வந்தது.

இனி எதிர்த்திசையில் சென்ற ஒன்று. ஃபோர்ட் கொச்சியில் ஜங்கார் என்னும் படகில் ஏறினால் சில நிமிஷங்களில் வைப்பின் கரை. அந்தத் தீவின் நாயரம்பலத்தைச் சேர்ந்த அன்னா பென், ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்தில் வாயாடிப் பெண்ணாக அறிமுகமானவர். அவரைத்தான் பி. எஸ். வினோத்ராஜ் தம்முடைய தமிழ்ப் படமான ‘கொட்டுக்காளி’யில் ஏறக்குறையப் படம் முழுவதும் பேசாத மீனாவாக அமர்த்தினார். பெர்லின் விழாவில் காட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் நம் அரங்குகளுக்கு வந்தது. வேறொருவனை விரும்பியதற்காக, பேய் பிடித்தவளென்று முடிவுகட்டி ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டுபோகிறது ஒரு குடும்பம். பலிக்கென்று கட்டிய சேவலொன்றும் கூடவே வருகிறது. இசையே கிடையாது. ஆட்டோ நிற்கும், மக்கர் செய்யும், மறுபடி புறப்படும். சூரி ஏற்ற பாண்டியின் கோபம் வழியெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும். மீனா மாத்திரம் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் போன காட்சியில் மொத்தம் பதினொரு பேர். அது எனக்குப் பெரும் வருத்தம். தமிழ்நாட்டிலும் இதற்கு உரிய வரவேற்புக் கிடைக்கவில்லை என்று நினைக்கும்போது வருத்தம் இரட்டிப்பாகிறது. மதுரைப்பக்கத்து மண்ணையும் அதன் மனிதர்களையும் இவ்வளவு அருகில் காட்டும் படத்தை மதுரையில் இருக்கும் என் தம்பியே பார்க்கவில்லையாம்.

ஆகவே அவனுக்கு நான் சொன்ன கிரமம் இதுதான்: முதலில் ‘நண்பகல்’, ஒரு விடுமுறை மத்தியானத்தில், சாப்பிட்ட கையோடு, இடையில் எழுந்திராமல், மறுநாள் ‘கொட்டுக்காளி’, அதன்பிறகு ‘கும்பளங்கி’. “சரிண்ணே, இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவையும் உக்கார வச்சுப் பார்க்கிறேன்” என்றான். சின்னம்மாவுக்கு இப்போது கண்பார்வை மிகவும் மங்கிவிட்டது. தொலைக்காட்சிக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பழைய படங்களைக் காதால்தான் பார்க்கிறாளாம்.

(அடுத்த வாரம்: வேலைக்காகக் காத்துநின்ற கூட்டத்தின் நடுவே சாப்பா என்னும் உலோக வில்லைகள் வீசப்பட்ட மட்டாஞ்சேரித் துறையும், 1953ஆம் வருஷத்துத் துப்பாக்கிச் சூடும், ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ படமும்.)