சமையல் மேடையும் சுவரும் சேருமிடம்

நம் இல்லங்களில் சமையல் மேடைக் கல்லும் பின்சுவரில் பதித்த டைல்ஸும் சேரும் மூலையில் விரிசல் காண்பது வழக்கம். வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைக்கிறோம். சில திங்களில் அது மீண்டும் பிளக்கிறது. பழியோ கொத்தனார் மீது விழுகிறது.

உண்மைக் காரணம் வேறு. அடுப்பின் வெப்பத்தால் மேடைக் கல் சிறிது விரிந்து, ஆறியபின் சுருங்குகிறது. கிரைண்டரும் நீர்க்குடமும் ஏறி இறங்க, இம்மியளவு அசைகிறது. சுவர் அதனோடு சேர்ந்து அசைவதில்லை. வளையும் இயல்பற்ற சிமெண்டு இரண்டிற்கும் இடையே அகப்பட்டுப் பிளக்கிறது.

சிறு கீறல்தானே என்று விட்டுவிடலாகாது. பாத்திரம் கழுவும் நீர் அவ்வழியே இறங்கிச் சுவரை ஊறச் செய்யும். கீழுள்ள மர அலமாரி உப்பிப் போகும். கரப்பான் பூச்சிகளும் குடிபுகும்.

அவ்விடத்திற்கு ஏற்றது, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் சிலிகான் பசையே. ஹார்டுவேர் கடைகளில் இது குழலில் கிடைக்கும். காடி நாற்றம் வீசும் வகை சலவைக்கல்லையும், சுண்ணாம்புக் கல் இனமான கடப்பைக் கல்லையும் அரிக்கக்கூடும். ஆதலின் 'நியூட்ரல்' வகையைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

முதலில் கல்லைக் கையால் அழுத்திப் பார்ப்போம். அது ஆடினால், அடியிலுள்ள தாங்கு சுவரைக் கொத்தனாரைக் கொண்டு சீர்செய்த பின்னரே மேற்கொண்டு தொடங்க வேண்டும்.

பழைய சிமெண்டைக் கூரிய கத்தியால், டைல்ஸில் கீறல் விழாமல், முழுதும் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் மேலேயே பூசினால், அது பெயரும்போது பசையும் உடன் பெயரும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவி, ஒரு நாள் நன்கு உலர விடுவோம். ஈரத்தில் பசை பற்றாது.

பின், மூலையின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, குழலின் முனையைச் சாய்வாக வெட்டி, ஒரே சீராகப் பசையை இடுவோம். சோப்பு நீரில் நனைத்த விரலால் ஒருமுறை தடவிவிட்டு, பசை இறுகுமுன் டேப்பை உரித்தல் வேண்டும். அடுத்த 24 மணி நேரம் அங்கு நீர் படலாகாது. அன்று பாத்திரங்களை வேறிடத்தில் கழுவுதல் நன்று.

டைல்ஸுகளுக்கு இடைப்பட்ட மற்றக் கோடுகளுக்கு வழக்கமான சிமெண்டே போதும். மூலைக்கு மட்டுமே இந்தப் பசை. விடுமுறை நாட்கள் இரண்டில் தந்தையும் பிள்ளைகளும் கூடி முடிக்கத்தக்க பணி இது. செய்து முடித்தால், இல்லத்தரசியின் அன்றாடக் கவலைகளுள் ஒன்று நீங்கும்.