ஊசி போட்ட பின் மரணம்... ஊசியால்தான் மரணமா? 1976 அமெரிக்கா சொல்லும் பாடம்

“நல்லாத்தான் இருந்தார். ஊசி போட்டுட்டு வந்தார், போயிட்டார்!” இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாளே தடுப்பூசி முகாமில் கூட்டம் குறைந்துவிடும். 1976 அக்டோபரில் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. பிட்ஸ்பர்க் நகரில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூவர் அடுத்தடுத்து இறந்தனர். சில மாகாணங்கள் ஊசி போடுவதையே நிறுத்திவைத்தன.

எதற்காக அந்த ஊசி?

அந்த ஆண்டு பிப்ரவரியில் நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் இளம் வீரர் ஒருவர் காய்ச்சலால் இறந்தார். காரணம், பன்றிகளிடம் காணப்படும் வகை வைரஸ். ‘1918 கொள்ளைநோய் திரும்ப வருதோ?’ என்று பதறியது அரசு. நாட்டு மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி என மார்ச் 24 அன்று அறிவித்தார் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு. அக்டோபர் 1-ல் பணி தொடங்கியது.

மூன்று மரணங்களுக்கு ஊசியா காரணம்?

அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மூவருக்கும் இதய நோய் இருந்தது. லட்சக்கணக்கான முதியவர்களுக்கு ஊசி போடும்போது, போடாவிட்டாலும் அந்த வாரம் இறந்திருக்கக்கூடிய சிலரும் அந்த வரிசையில் இருப்பார்கள். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைதான். பயத்தைப் போக்க, அதிபரே டிவி கேமரா முன் ஊசி போட்டுக்கொண்டார்.

அப்போ எல்லாமே வீண் பயமா?

இல்லை. நரம்புகளைத் தாக்கி கை, கால்களை முடக்கும் ‘கில்லன் பாரே’ பாதிப்பு சிலருக்கு வந்தது. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டபோது, போட்டவர்களிடம் அது அதிகம் என்பது தெரிந்தது. ஒரு லட்சம் பேருக்குச் சுமார் ஒருவர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார். டிசம்பர் 16-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் 4 கோடிப் பேருக்கு மேல் ஊசி போட்டிருந்தார்கள். எதிர்பார்த்த கொள்ளைநோயோ வரவே இல்லை. வராத நோய்க்கு அந்தச் சிறிய ஆபத்தும் அதிகம்தான்.

2009-ல் என்ன மாறியது?

இந்த முறை வேறொரு பன்றிக் காய்ச்சல் வைரஸ் நிஜமாகவே உலகம் முழுக்கப் பரவியது. முதல் ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 12,000 பேர் இறந்திருக்கலாம் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. புதிய தடுப்பூசியால் கூடுதலாக வந்த கில்லன் பாரே பாதிப்பு, அங்கே 10 லட்சம் பேருக்கு ஓரிருவர் என்ற அளவில்தான் இருந்தது. ஆனாலும், 1976-ஐச் சொல்லியே பலர் ஊசி போடத் தயங்கினார்கள்.

அப்படியானால் எப்படி முடிவெடுப்பது?

இரண்டு கேள்விகள் போதும். ஊசி போடாதவர்களுக்கும் இதே பாதிப்பு இதே அளவில் வருகிறதா? ஊசியின் ஆபத்து பெரிதா, இப்போது பரவும் நோயின் ஆபத்து பெரிதா? வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை மரணச் செய்தியில் இந்த இரண்டுக்கும் பதில் இருக்காது. கர்ப்பிணிகள், முதியவர்கள், ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் இதே கேள்விகளோடு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.