டிரில் வாங்கும் முன் ஒரு நோட்டுப் போடுங்கள்

போன வருஷம் மார்கழியில் எங்கள் பட்டியில் இரண்டு ஆட்டுக்குட்டிகளை நாய்கள் கடித்துப் போட்டுவிட்டன. பட்டிக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது. செங்கல் சுவரில் அடித்திருந்த கொண்டிதான் பிடுங்கிக்கொண்டு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. சுவரில் இரண்டு ஓட்டை போட்டு, பிளக் வைத்து, ஸ்க்ரூ முடுக்கினால் பத்து நிமிஷ வேலை. ஆனால் பட்டி இருப்பது மேட்டுக்காட்டில். அங்கே கரண்ட் கிடையாது. டவுனிலிருந்து வரவேண்டியவர் "நாளைக்கு வந்துடறேன் சார்" என்று நாலு நாளும் சொன்னார். இரண்டு ஓட்டைக்காக அவ்வளவு தூரம் யார்தான் வருவார்? கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். நாய்க்குக் கயிறு ஒரு பொருட்டா?

மறுநாளே போய் ஒரு பேட்டரி டிரில் வாங்கினேன். ஆத்திரத்தில் வாங்கியதால் தப்பாக வாங்கினேன். 12 வோல்ட், ஹேமர் இல்லாதது. மரத்தில் நன்றாக இறங்கியது. செங்கல் சுவரில் பொட்டு வைத்த மாதிரி ஒரு குழிதான் விழுந்தது, பிட் சூடேறிப் போனது. கடைசியில் பக்கத்துத் தோட்டக்காரர் தன்னுடைய 18 வோல்ட் ஹேமர் டிரில்லை எடுத்துவந்து கொண்டியை மாட்டிக் கொடுத்தார்.

வங்கியில் முப்பது வருஷம் கடன் மனு பார்த்தவன் நான். "இந்த மெஷின் வருஷத்துக்கு எத்தனை நாள் ஓடும்? என்ன வேலைக்கு ஓடும்?" என்று எத்தனையோ விவசாயிகளைக் கேட்டிருக்கிறேன். என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாதக் கணக்கு

அதன்பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். ஓட்டை போடுகிற, ஸ்க்ரூ முடுக்குகிற ஒவ்வொரு வேலையையும் ஒரு மாதம் எழுதினேன். மொத்தம் 19 வேலை. அதில் 11 மரம், தகரம், பிளாஸ்டிக்: சொட்டுநீர் சப்மெயின் குழாயில் குரோமெட்டுக்கு ஓட்டை, ஜீவாமிர்த பேரலில் குழாய் வைப்பது, கோழிக்கூண்டின் கீல், கொட்டகைத் தகரம். 6 வேலை செங்கல், ஹாலோ பிளாக் சுவர். கான்கிரீட்டும் கல்லுக்காலும் சேர்த்து 2 தான்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாகிவிட்டது.

ஹேமர் டிரில் எதுவரை?

ஹேமர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசித் துள்ளும். நிமிஷத்துக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் தட்டும். ஆனால் ஒவ்வொன்றும் சின்னத் தட்டு; நாமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். செங்கலுக்கும் ஹாலோ பிளாக்குக்கும் இது போதும். கான்கிரீட்டில் 6, 8 மி.மீ. ஓட்டை ஒன்றிரண்டு போடலாம். அதற்குமேல் போனால் மெஷினும் திணறும், கையும் வலிக்கும்.

கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் ரோட்டரி ஹேமர் என்று தனி மெஷின் இருக்கிறது. எஸ்.டி.எஸ். பிட் மாட்டுவது. அதில் பிஸ்டன் அடிக்கும். நிமிஷத்துக்கு நாலைந்தாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் கனமான அடி. சூரிய வேலிக்காகக் கல்லுக்காலில் ஓட்டை போட்டபோது அதை ஒருநாள் வாடகைக்கு எடுத்தேன். வருஷத்தில் இரண்டு நாள் வேலைக்குச் சொந்தமாக ஒன்று எதற்கு?

கடையில் என்ன பார்ப்பது

வோல்ட்: தோட்டத்துக்கு 18 வோல்ட். சில பெட்டிகளில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். உள்ளே 3.6 வோல்ட் செல் ஐந்து இருக்கிறது. முழு சார்ஜில் அது 20ஐத் தொடும். அந்த 2 வோல்ட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

மோட்டார்: பிரஷ்லெஸ் என்றால் நல்லது. கார்பன் தேய்ந்து மாற்றுகிற வேலை இல்லை, அதே சார்ஜில் அதிக வேலை நடக்கும்.

சக்: 13 மி.மீ. வாங்குங்கள். 10 மி.மீ. சக்கில் பெரிய பிட்டும் ஹோல்சாவும் பல நேரம் ஏறாது.

கியர், முறுக்கு: இரண்டு கியர் வேண்டும். ஸ்க்ரூவுக்கும் ஹோல்சாவுக்கும் 1, சின்ன ஓட்டைக்கு 2. முறுக்கு விசை 50 நியூட்டன் மீட்டர் இருந்தால் நம் வேலைக்குத் தாராளம்.

பிட்: சுவர், இரும்பு, மரம் மூன்றுக்கும் தனித்தனி. ஹேமர் குறியில் வைப்பது சுவருக்கு மட்டும். அதே குறியில் இரும்பைத் துளைத்தால் பிட் முனை போய்விடும்; மரத்தில் ஓட்டை பிசிறடிக்கும்.

பேட்டரிதான் இதில் இடுபொருள்

"வெளி இடுபொருளே வேண்டாம்னு பேசுற மேனேஜர் சார் இப்ப மெஷின் வாங்குறாரு" என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். நியாயமான கேள்விதான். மெஷின் ஒரு தடவைதான் காசு கேட்கும். பேட்டரி சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்கும். ஆகவே கடைக்காரரிடம் மெஷினைவிடப் பேட்டரியைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். தனிப் பேட்டரி என்ன விலை? நம் மாவட்டத்திலேயே கிடைக்குமா? சர்வீஸ் எங்கே? இதே பேட்டரியில் கவாத்து ரம்பம் மாதிரி வேறு கருவிகள் ஓடுமா? இதற்குப் பதில் இல்லாத மலிவு மெஷின், பேட்டரி செத்த அன்று பழைய இரும்பு.

4 ஆம்பியர் பேட்டரி ஒன்றைவிட 2 ஆம்பியர் இரண்டு எனக்கு வசதி. மெஷின் கனக்காது, ஒன்று ஓடும்போது வீட்டில் இன்னொன்று சார்ஜ் ஆகும். வெயிலில், பம்ப்செட் தகரக் கொட்டகையில், வண்டி டேங்க்மேல் வைக்காதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். மாதக்கணக்கில் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜில் நிழலில் வைக்கலாம்.

கை பத்திரம்

பக்கவாட்டுப் பிடியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ஒருநாள் பேரலில் ஹோல்சா ஓட்டினேன். பிட் கடித்துக்கொண்டது, மெஷின் கையோடு சுழன்றது. மணிக்கட்டு பிசகிப் பத்து நாள் பால் கறக்க முடியவில்லை. பிடியை மாட்டுங்கள், கண்ணாடி போடுங்கள், தோளில் துண்டைத் தொங்க விடாதீர்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஓட்டை போடாதீர்கள். சுவருக்குள் ஒயர் போகும்.

நீங்களும் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆனால் அவசர வேலையை அதுவரை தள்ளிப் போடாதீர்கள். கொண்டியை மாட்டிக் கொடுத்த அன்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார்: "எங்கிட்டயே இருக்கே சார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." நாலு நாளும் அந்த மெஷின் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது. கேட்க நான்தான் கூச்சப்பட்டேன். இப்போது என் டிரில்லும் அவர் ரம்பமும் வேலி தாண்டிப் போய்வருகின்றன.