எச்.ஐ.வி. உள்ளவருக்கு இருமல் வந்தால்...

மலைநாட்டுக் குளிரில் இருமலும் தடிமனும் நமக்குப் புதிதல்ல. கொத்தமல்லி அவித்துக் குடிப்போம். நாலு நாளில் போய்விடும். ஆனால் எச்.ஐ.வி. கிருமி உடம்பில் உள்ள ஒருவருக்கு வரும் இருமலை அப்படி விட்டுவிட முடியாது. ஏன் என்பதை இங்கே விளக்குகிறோம்.

நமது இரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் இருக்கின்றன. இவை மரக்கறித் தோட்டத்து வேலி மாதிரி. எச்.ஐ.வி. இந்த வேலியைப் பல வருடங்களாக மெல்ல மெல்ல அரிக்கிறது. வேலி சாய்ந்தால் மாடு புகுந்துவிடும் அல்லவா? அதுபோல, சுகமாக இருப்பவரை ஒன்றும் செய்யாத கிருமிகள்கூட உள்ளே புகுந்து நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். இவற்றில் மூன்று முக்கியமானவை.

1. காசநோய்: உலகில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதுவே. விடாத இருமல், காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிதல் ஆகியவை அறிகுறிகள்.

2. நியூமோசிஸ்டிஸ் நிமோனியா: இது ஒருவகைப் பூஞ்சணத்தால் வருவது. வறட்டு இருமலும் காய்ச்சலும் இருக்கும். நாளுக்கு நாள் மூச்சு வாங்குவது கூடும். 1981 ஜூனில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து வாலிபர்களுக்கு இது வந்தது பற்றிய அறிக்கைதான் எயிட்ஸ் பற்றி வெளியான முதல் வைத்திய அறிக்கை.

3. பக்டீரியா நிமோனியா: திடீர்க் காய்ச்சல், நெஞ்சுவலி, சளியோடு இருமல்.

"எயிட்ஸ் வந்தாச்சு, இனி மருந்து எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். அது தவறு. இந்த மூன்றுக்கும் மருந்து உண்டு. காசநோய்க்குச் சுமார் 6 மாதம் விடாமல் குளிசை எடுக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்கு, இரண்டாவது நோய் வராமல் தடுக்க கோட்ரிமொக்சசோல் குளிசை கொடுப்பார்கள். எச்.ஐ.வி. மருந்தைத் தினமும் எடுத்துவந்தால் சாய்ந்த வேலி மறுபடி எழும்பும். காசநோய் மருந்தும் எச்.ஐ.வி. மருந்தும் அரச கிளினிக்குகளில் இலவசம்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் இருந்தாலும் சளிப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். எச்.ஐ.வி. குளிசை எடுப்பவர் அதை மார்புநோய் டொக்டரிடம் மறைக்கவே கூடாது. சில மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. எச்.ஐ.வி. இருமலால் பரவாது; ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலும் பரவாது. காசநோய் காற்றில் பரவும். ஆகவே இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், காம்பிரா ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். நோயாளியை இஸ்தோப்பில் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

யாராக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதியுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம், உடனே போகட்டும். வெட்கப்பட்டு லயத்துக்குள் மறைந்திருந்தால், சுகப்படுத்தக்கூடிய நோயே உயிரைக் கொண்டுபோய்விடும்.