பியர்ச் சுவைப்பும் உணவு இணைப்பும்

பியர்ச் சுவைப்பு என்பது பலவகைப் பியர்களைச் சிறிய அளவில் ஊற்றி, அவற்றின் நிறம், மணம், சுவை, வாயில் உணரப்படும் தன்மை ஆகியவற்றை ஒப்பிட்டு அறியும் நிகழ்வு ஆகும். ஒவ்வொரு பியருடனும் அதற்குப் பொருந்தும் உணவைச் சேர்த்துப் பரிமாறுவது உணவு இணைப்பு எனப்படும். குடித்து மயங்குவது இதன் நோக்கமன்று. இக்கட்டுரை இம்முறையைப் பொதுவாக விளக்கி, பின்னர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் முன்வைத்துச் சிலவற்றைக் கூறுகிறது. அம்மாவட்டத்தில் கைவினைப் பியர் வடிப்பகம் ஏதுமில்லை. எனினும், குவளையில் இருப்பது என்ன என்னும் கேள்வி அங்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்து வந்துள்ளது.

தோற்றம்

பெரும் ஆலைகளில் ஒரே சீராக வடிக்கப்படும் பியருக்கு மாற்றாகச் சிறு வடிப்பகங்களில், குறைந்த அளவில், வடிப்பவரின் தெரிவுக்கேற்ப ஆக்கப்படுவது கைவினைப் பியர் ஆகும். பியர் வகைகளைப் பிரித்து எழுதும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஜாக்சன் (1942–2007) என்னும் எழுத்தாளர். இவர் அதே பெயருடைய பாடகர் அல்லர். இவரது உலகப் பியர் வழிகாட்டி நூல் 1977இல் வெளிவந்தது. நுவரெலியாவில் தொடங்கிய வடிப்பகத்தின் வழிவந்த இலங்கை லயன் ஸ்டவுட்டை உலக அளவில் அறியச் செய்ததில் இவருக்குப் பங்குண்டு. உணவுடன் பியரை இணைப்பது பற்றி நியூயார்க்கைச் சேர்ந்த வடிப்பாளர் காரெட் ஆலிவர் 2003இல் விரிவான நூலொன்றை எழுதினார்.

இந்தியாவில் 2009இல் புனேயில் டூலாலி, 2010இல் பெங்களூருவில் டாய்ட் ஆகிய சிறு வடிப்பகங்கள் தொடங்கப்பட்டன. சுவைப்பு நிகழ்வுகள் பெரும்பாலும் இத்தகைய நகரங்களிலேயே நடைபெறுகின்றன.

நடைபெறும் முறை

பொதுவாக நான்கு முதல் ஆறு வகைகள், வகைக்கு 60 முதல் 120 மில்லிலீட்டர் வரை ஊற்றப்படும். மென்மையானதிலிருந்து கடுமையானதற்கும், கசப்புக் குறைந்ததிலிருந்து மிகுந்ததற்கும் செல்வது வழக்கம். இவ்வரிசை மாறினால் முன்னதன் கசப்பு நாவில் தங்கிப் பின்னதை மறைத்துவிடும். இடையிடையே நீர் அருந்தி, உப்பில்லாத ரொட்டித் துண்டை மென்று நாவைத் தூய்மை செய்வர். பியர் மிகவும் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. ஆகையால் கருநிற வகைகள் சற்றே குளிர் தணிந்த நிலையில் பரிமாறப்படுகின்றன.

முதலில் ஒளியில் பிடித்து நிறத்தையும் நுரையையும் பார்ப்பர். பின்னர் முகர்வர். அதன் பின்னரே ஒரு மிடறு அருந்துவர். 1985இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் 50 புள்ளிகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறது. இதில் சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்தக் கருத்துக்கு 10, வாயுணர்வுக்கு 5, தோற்றத்துக்கு 3 புள்ளிகள் உண்டு. சுவைக்கு அடுத்தபடியாக மூக்குக்கே முதன்மை தரப்பட்டிருப்பதைக் காணலாம்.

பயிற்சி பெற்றவரின் மூக்கும் நாவும் பியரின் குறைகளைக் கண்டுபிடிக்க வல்லவை. வெண்ணெய் மணம் வந்தால் டையசெட்டைல் மிகுந்துள்ளது. பச்சை ஆப்பிள் மணம் வந்தால் நொதித்தல் முழுமை அடையவில்லை. நனைந்த அட்டையின் மணம் ஆக்சிசன் பட்டுப் பழையதானதைக் காட்டும். ஆனால் இக்குறைகள் எல்லாம் சுவையைக் கெடுப்பவையே. குடித்தவரைக் கொல்பவை அல்ல.

சிறு அளவு என்பதால் கவலையில்லை என்று எண்ணுவது தவறு. ஐந்து வகைகளை 100 மில்லிலீட்டர் வீதம் அருந்தினால் மொத்தம் அரை லீட்டர் ஆகிறது. பியர் 5 விழுக்காட்டு வலிமை உடையதாயின் அதில் ஏறத்தாழ 20 கிராம் எத்தனால் இருக்கும். இந்தியாவில் வாகனம் ஓட்டுபவரின் குருதியில் 100 மில்லிலீட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பது குற்றம் ஆகும். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக்கூடாது.

உணவு இணைப்பு

ஒத்த சுவைகளைச் சேர்த்தல், மாறுபட்ட சுவைகளை எதிர்நிறுத்தல், கொழுப்பை வெட்டுதல் என மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. வறுத்த முளைத்தானியத்தால் ஆன ஸ்டவுட்டும் சாக்லேட்டும் முதல் வகைக்கு எடுத்துக்காட்டு. அதே ஸ்டவுட்டைக் கடற்சிப்பியின் உவர்ப்புடன் உண்பது இரண்டாவது வகை. பொரித்த மீனுடன் அருந்தும்போது பியரின் வளிக்குமிழ்களும் ஹாப் பூவின் கசப்பும் நாவில் படிந்த எண்ணெயை அகற்றுகின்றன, இது மூன்றாவது.

தமிழ்நாட்டு உணவுக்கு இவ்விதிகளை அப்படியே பொருத்த இயலாது. மதுவும் மிளகாயின் காரப்பொருளும் வாயில் ஒரே வெப்ப உணர்வு வாயிலைத் தூண்டுவதால், கசப்பும் வலிமையும் மிக்க பியர் காரத்தைத் தணிப்பதற்குப் பதில் கூட்டிவிடும். காரக்குழம்புக்குக் கசப்புக் குறைந்த கோதுமைப் பியரே ஓரளவு பொருந்தும். காரத்தைத் தணிப்பதே நோக்கமாயின் மோருக்கு ஈடில்லை என்பது வேறு செய்தி.

பழந்தமிழ் நூல்களில்

தானியத்தை முளைக்கச் செய்து நொதிக்கவைப்பதே பியரின் அடிப்படை. முளையில் தோன்றும் நொதிகள் மாப்பொருளைச் சர்க்கரையாக்க, மதுவம் அதனை எத்தனாலாக மாற்றுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதி இதற்கு மிக நெருங்கிய செய்முறை ஒன்றைத் தருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய பிழாவில் ஆறவைத்து, நல்லடை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் முதிரச் செய்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பர். நல்லடை என்பதை நெல்முளையால் ஆனதாகக் கொள்வதுண்டு. இதனுடன் தரப்படும் உணவு சுட்ட மீன். ஆக, உணவு இணைப்பும் அங்கேயே கூறப்பட்டுவிடுகிறது.

மலைபடுகடாம் கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடுவது. அதில் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் தேறலும், மான் முதலியவற்றின் இறைச்சியும், புளியும் மோரும் கலந்து ஆக்கிய மூங்கிலரிசிச் சோறும் மலைவாழ் மக்களின் விருந்தாகக் கூறப்படுகின்றன. கொழுத்த இறைச்சிக்குப் புளிப்பைச் சேர்த்திருப்பது மேலே கூறிய மூன்றாம் வழியைச் சேர்ந்தது.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. கள்ளுண்டு மகிழ்ந்த வேளையில் எவரும் தேரை வழங்கலாம். காரியோ குடியாதபோதும் வழங்குகிறான் என்பது அதன் கருத்து.

மதுவிலக்கும் கல்வராயன் மலையும்

கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தில்தான் இராசாசியின் அரசு 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. பின்னர்ப் பலமுறை மாறியது. கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை உள்ளது. சில்லறை மது விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் வசமானது.

மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இம்மலைப்பகுதி 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. பின்னரும் சாலை, மருத்துவம், கல்வி ஆகியவை தாமதமாகவே வந்து சேர்ந்தன. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவற்றின் வேளாண்மையால் கிடைக்கும் வருவாய் சிறிது. இச்சூழலில் வெல்லத்தையும் வேலம்பட்டையையும் நீரில் ஊறவைத்துக் காய்ச்சும் சாராயம் ஒரு தொழிலாக நீடித்தது. காவல்துறை ஓடைக்கரைகளில் ஊறலைக் கண்டுபிடித்து அழிப்பதும், மீண்டும் ஊறல் போடப்படுவதும் பல ஆண்டுகளாக நிகழ்ந்து வந்தன.

நாவுக்குத் தெரியாத நஞ்சு

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் விற்கப்பட்ட சாராயத்தை அருந்தியவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அச்சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் இதே காரணத்தால் உயிரிழப்பு நேர்ந்தது.

மெத்தனால் ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் வேதிப்பொருள் ஆகும். வெல்ல ஊறலில் இது கொல்லும் அளவில் உண்டாவதில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து கலக்கப்படுவதே கேட்டுக்குக் காரணம். ஆதலால் மலையின் ஊறலையும் கருணாபுரத்தின் நஞ்சையும் ஒன்றாகக் கருதுவது பொருந்தாது. மெத்தனாலின் மணமும் சுவையும் எத்தனாலை ஒத்திருப்பதால் எத்துணைத் தேர்ந்த சுவைப்பாளராலும் பிரித்தறிய இயலாது. கல்லீரல் இதனை ஃபார்மால்டிகைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இவ்வமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. ஏறத்தாழ 10 மில்லிலீட்டர் பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லிலீட்டர் உயிரைப் பறிக்கக்கூடும்.

மற்றொரு கொடுமை அதன் தாமதம். கடும் அறிகுறிகள் தோன்றப் பெரும்பாலும் 12 முதல் 24 மணிநேரம் வரை ஆகலாம். அதற்குள் அதே சாராயம் பலரிடம் சென்றுவிடுகிறது. முதலில் இறந்தவரின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே குடித்ததாக அப்போது செய்திகள் வெளிவந்தன. மங்கலான பார்வை, வயிற்றுவலி, வாந்தி ஆகியவை தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஃபோமெபிசோல் அல்லது மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் எத்தனால், குருதித் தூய்மிப்பு ஆகியவை சிகிச்சை முறைகள்.

இந்நிகழ்வை அடுத்து அதே சூன் மாத இறுதியில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்திய புலனாய்வுப் பிரிவுக்கு மாற்றியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை அந்நீதிமன்றம் தாமாகவே முன்வந்து தனியாக விசாரித்தது.

சுவைப்பு மேசையில் இருப்பவருக்கு இந்த அச்சம் இல்லை. வடித்தவரின் பெயர், வலிமை, வடித்த நாள் ஆகியவை அவர்முன் எழுதப்பட்டுள்ளன; ஆய்வகமும் உரிமமும் பின்னால் நிற்கின்றன. கருணாபுரத்தில் பாக்கெட்டில் வாங்கிய கூலித் தொழிலாளிக்குத் தன் நாவைத் தவிர வேறு சோதனைக் கருவி இல்லை.

கூழ்

இப்பகுதியில் எவரும் அச்சமின்றிச் சுவைத்துப் பார்க்கக்கூடிய நொதித்த தானியப் பானம் கூழ் ஆகும். கேழ்வரகு மாவை இரவில் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யுடன் காய்ச்சி, ஆறியபின் மோர் சேர்த்துக் கரைப்பர். இதில் நடைபெறுவது பெரும்பாலும் இலாக்டிக் அமில நொதித்தல் ஆதலால் போதை தரும் அளவுக்கு எத்தனால் உண்டாவதில்லை. துணையுணவாகச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், சுட்ட கருவாடு, மாங்காய் ஊறுகாய் ஆகியவை உண்ணப்படுகின்றன. கருவாட்டின் உவர்ப்பைக் கூழின் புளிப்பு தாங்குகிறது. மோர்மிளகாயின் காரத்தை மோர் அடக்குகிறது. ஒருநாள் புளித்ததையும் இரண்டு நாள் புளித்ததையும் அடுத்தடுத்துச் சுவைத்தால் வேறுபாடு எளிதில் விளங்கும். புளிப்புக் குறைந்ததை முதலில் அருந்தவேண்டும்.