தோற்கத் தெரிந்தவனே பயில்வான்!

ஒரு குஸ்தி ரசிகரின் கருத்து

"அண்ணே! குஸ்தியில் யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்துக் கொள்கிறார்களாமே! அதைப் போய்ப் பார்க்கிறீர்களே!"

கொடைக்கானலில் என்னைத் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

நான் பல ஆண்டுகளாகக் குஸ்தி பார்க்கிறவன். எங்கள் மலையில் மார்கழி, தை மாதங்களில் பொழுது சாய்ந்தால் வெளியே தலை காட்ட முடியாது. கம்பளியைப் போர்த்திக் கொண்டு டெலிவிஷன் முன் உட்கார வேண்டியதுதான். 1990-க்குப் பிறகு கேபிள் வந்தது. அதோடு அமெரிக்கக் குஸ்தியும் வந்தது. அன்று உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை!

கேள்வி கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்:

"மலையிலிருந்து இறங்குங்கள். கந்தசஷ்டி அன்று பழனியில் சூரசம்ஹாரம் பாருங்கள்."

பழனியில் அடிவாரத்துக் கிரி வீதிகளில் சூரசம்ஹாரம் நடக்கும். தாரகாசுரன், பானுகோபன், சிங்கமுகாசுரன், சூரபத்மன் என்று ஒவ்வொரு அசுரனாக வதம் நடக்கும்.

முடிவு என்ன? சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் கூட்டம் மூச்சைப் பிடித்துக் கொண்டு நிற்கிறது. வேல் பாய்ந்ததும் "அரோகரா!" என்ற முழக்கம் மலையில் மோதித் திரும்புகிறது.

சாமி காரியமும் குஸ்தியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது பக்தி, இது பொழுதுபோக்கு. ஆனால், முடிவு தெரிந்த கதையிலும் மனம் ஒன்றும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கம்பெனியே சொன்னது

முன்பெல்லாம் குஸ்திக்காரர்கள் ரகசியத்தை வெளியே விட மாட்டார்கள். "எல்லாம் நிஜச் சண்டை" என்றுதான் சொல்வார்கள்.

1989-ம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ரகசியம் வெளிப்பட்டது. "எங்கள் குஸ்தி போட்டி அல்ல, பொழுதுபோக்கு" என்று டபிள்யூ.டபிள்யூ.எப். கம்பெனியே கூறிவிட்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கு உள்ள கட்டுப்பாடும் வரியும் தங்களுக்கு வேண்டாம் என்பதற்காகச் சொன்னார்கள். அந்தக் கம்பெனியின் இன்றைய பெயர் டபிள்யூ.டபிள்யூ.இ.

ரகசியம் வெளியான பிறகு கூட்டம் குறைந்ததா? இல்லை. பெருகியது!

கிங்காங் - தாராசிங்

நம் நாட்டில் குஸ்தி என்றால் பெரியவர்கள் இன்றும் சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று கிங்காங். மற்றொன்று தாராசிங்.

கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா. ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். எடை 150 கிலோவுக்கும் மேல். தொந்தியால் அமுக்கியே எதிரியைத் திணற வைப்பார். அவர் சாப்பிடும் கோழிகளையும் முட்டைகளையும் பற்றி ஊருக்கு ஊர் ஒரு கதை உண்டு.

தாராசிங் பஞ்சாப்காரர். 1928-ல் பிறந்தவர். ஆணழகர். 1968 மே 29-ந்தேதி பம்பாயில் லூ தெஸ் என்ற அமெரிக்கரை வென்று உலக சாம்பியன் ஆனார். பிறகு 1987-ல் தொடங்கிய டெலிவிஷன் ராமாயணத்தில் அனுமாராக நடித்தார். 2012-ல் காலமானார்.

1950-களில் இந்த இருவரும் பல ஊர்களில் மோதினார்கள். மலை போன்ற கிங்காங்கைத் தாராசிங் தூக்கினார் என்பதுதான் பேச்சு. தாராசிங்குக்கு மாலை விழுந்தது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கிங்காங் இல்லாவிட்டால் தாராசிங்கின் பலத்தை மக்கள் எப்படி அறிந்திருப்பார்கள்? நோஞ்சானைத் தூக்கினால் யார் கைதட்டுவார்கள்?

1970-ல் கார் விபத்துக்குப் பிறகு கிங்காங் இறந்து போனார். தோற்ற பயில்வான்தான். ஆனாலும் அவர் பெயர் தமிழ்நாட்டில் இன்னும் சாகவில்லை!

கெட்டவன் வேண்டும்

நல்ல குஸ்திக்கு முதலில் வேண்டியது நல்ல வில்லன். இது என் உறுதியான கருத்து.

வில்லன் திருந்தினால் கதை இன்னும் ருசிக்கும். இடும்பன் கதை நமக்குத் தெரியும். இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தவன் இடும்பன். பழனியில் பால முருகனிடம் மோதி விழுந்தான். பிறகு அருள் பெற்று, அந்த மலைக்கே காவல்காரன் ஆனான். இன்று இடும்பனை வணங்கிவிட்டுத்தான் பக்தர்கள் மலை ஏறுகிறார்கள்.

குஸ்தியில் கெட்டவர் நல்லவராவதும், நல்லவர் கெட்டவராவதும் பெரிய திருப்பங்கள். ஹல்க் ஹோகன் என்ற மஞ்சள் மீசைக்காரர் பல வருடம் குழந்தைகளின் செல்லப்பிள்ளையாக இருந்தார். 1996 ஜூலை 7-ந்தேதி திடீரென்று கெட்டவர்கள் பக்கம் சேர்ந்தார். கூட்டம் கொதித்தது. மேடையில் குப்பை மழை பொழிந்தது!

என்னைக் கவர்ந்த கதை

ரோமன் ரெய்ன்ஸ் குடும்பக் கதையைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். அவர் 2020 ஆகஸ்டில் சாம்பியன் ஆனார். 1,316 நாள் பட்டத்தை விடவில்லை. 2024 ஏப்ரலில்தான் கோடி ரோட்சிடம் தோற்றார்.

கதையில் அவர் குடும்பத் தலைவர். தம்பி முறையுள்ள இரட்டையர்களை அடக்கி ஆள்கிறார். நம் ஊர்க் கூட்டுக் குடும்பச் சண்டை போலவே இருக்கும்!

அந்தக் குடும்பத்தில் சமி சேன் என்ற வெளியாள் ஒட்டிக் கொண்டார். 2023 ஜனவரியில் அவருக்குச் சோதனை வந்தது. "உன் பழைய நண்பனை நாற்காலியால் அடி" என்று தலைவர் உத்தரவு போட்டார். செஞ்சோற்றுக் கடனா? நட்பா? கர்ணன் சோற்றுக் கடன் தீர்த்தான். சமி சேன் நட்பின் பக்கம் போனார். நாற்காலி தலைவர் முதுகில் விழுந்தது!

அந்த ஒரு அடிக்காகப் பல மாதம் கதை வளர்த்தார்கள். அதுதான் கெட்டிக்காரத்தனம். வாரம் ஒரு பட்டம் மாறுவதும், குஸ்தியைவிடப் பேச்சு நீள்வதும் எனக்குப் பிடிக்காது.

கட்டியங்காரன் வேலை

குஸ்தியில் பாதி உயிர் வர்ணனையாளர் குரலில் இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலைதான் அவருக்கும். யார் வருகிறார், அவருக்கு என்ன கோபம் என்று சொல்ல வேண்டும். இடையிடையே சிரிக்க வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் பெரும்பாலும் இருவர் உட்காருவார்கள். ஒருவர் நியாயம் பேசுவார். மற்றவர் கெட்டவனுக்கு வக்காலத்து வாங்குவார். கொரில்லா மன்சூன், பாபி ஹீனான் என்ற ஜோடி இதில் பேர் பெற்றது. ஜிம் ராஸ் குரல் உயர்ந்தால் நமக்கு மயிர் கூச்செறியும்.

தமிழிலும் வர்ணனை வந்தது. நல்ல காரியம்தான். எப்போது பேச வேண்டும் என்பதோடு, எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதையும் வர்ணனையாளர் அறிய வேண்டும். பயில்வான் வலியில் துடிக்கும்போது சினிமா வசனம் எதற்கு?

அடி பொய்யா?

முடிவு பேசி வைத்தது. ஆனால் விழுவது நிஜம்.

குஸ்தி மேடை மெத்தை அல்ல. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை. பலகை மேல் மெல்லிய பஞ்சு விரிப்பு. அதற்கு மேல் துணி. அவ்வளவுதான்!

விழுவதற்குத் தனிப் பயிற்சி உண்டு. மோவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். பின்தலை தரையில் படக் கூடாது. முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் பட வேண்டும். கைகளை விரித்துத் தரையில் அறைய வேண்டும். அப்போதுதான் அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவும்.

தூக்குபவருக்கு மட்டும் பலம் இருந்தால் போதாது. தூக்கப்படுபவரும் ஒத்துழைக்க வேண்டும். 1987 மார்ச் 29-ந்தேதி ஆந்த்ரே என்ற 200 கிலோவுக்கும் மேற்பட்ட ராட்சதரை ஹோகன் தூக்கிப் போட்டார். அன்று ஆந்த்ரேக்குக் கடுமையான முதுகு வலி. வலியைப் பொறுத்துக் கொண்டு விழுந்தார்.

1998 ஜூன் 28-ந்தேதி மிக் போலி என்பவர் சுமார் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேஜை மேல் விழுந்தார். எழுந்து வந்து மீண்டும் குஸ்தி போட்டார். 1999 மே 23-ந்தேதி ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது தவறி விழுந்தார். அவர் எழுந்திருக்கவே இல்லை. உயிர் போய்விட்டது.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் குஸ்தி பார்க்கட்டும். கட்டிலிலிருந்து தம்பி மேல் குதித்துப் பார்க்க விடாதீர்கள்! பயிற்சி பெற்றவர்களுக்கே கழுத்து ஒடிகிறது.

கடைசிக் குஸ்தி

அண்டர்டேக்கர் என்ற கறுப்பு உடைக்காரர் 'ரெசில்மேனியா' விழாவில் தொடர்ந்து 21 முறை ஜெயித்தார். 2014 ஏப்ரல் 6-ந்தேதி பிராக் லெஸ்னரிடம் தோற்றார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஜான் சீனாவின் கொள்கை 'விட்டுக் கொடுக்காதே' என்பது. நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்ற 650 முறைக்கு மேல் அவர்களை நேரில் சந்தித்த நல்ல மனிதர். 2025 டிசம்பர் 13-ந்தேதி அவருடைய கடைசிக் குஸ்தி. எதிரி குந்தர். அந்தப் பிடியில் சீனா தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக் கொண்டார்!

ரசிகர்கள் பலருக்குக் கோபம். எனக்கு இல்லை. போகிறவர் தன் பெருமையை இருக்கிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குஸ்திக்காரருக்கு அதுதான் தர்மம்.

அடுத்த முறை குஸ்தி பார்க்கும்போது, கையைத் தூக்கி நிற்பவரை மட்டும் பார்க்காதீர்கள். கீழே மல்லாந்து கிடப்பவரையும் பாருங்கள். அவர் ஒழுங்காக விழுந்ததால்தான் இவர் உயர்ந்து நிற்கிறார். பாதிக் கைதட்டல் அவருக்குச் சேர வேண்டியது!