குன்றிமணி: ஓடு காக்கும் நஞ்சு

வேலியில் படர்ந்து கிடக்கும் குன்றிமணிக் கொடியை, காய் முற்றி வெடிக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. வெடித்தபின் கண்ணை எடுக்க முடியாது. பளபளக்கும் சிவப்பு, ஒரு முனையில் கறுப்பு. வெள்ளை விதை தரும் கொடியும் உண்டு. அவரை, துவரை ஆகியவற்றின் குடும்பம்தான் இதற்கும். தாவரவியல் பெயர் ஏப்ரஸ் பிரிகடோரியஸ்.

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரின் கண்ணாவது இந்த மணிதான். பொற்கொல்லர்களுக்கு இது எடைக்கல்லாக இருந்தது. 4 நெல்லெடை ஒரு குன்றிமணி, 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. இன்றைய அளவில் ஒரு மணி ஏறத்தாழ 120 முதல் 130 மில்லிகிராம். மணியின் ஓடு மிகவும் கெட்டி. ஈரம் எளிதில் இறங்காது. ஒத்த அளவில் பொறுக்கிய மணிகள் எடைக்கு உதவியதில் அதற்கும் பங்குண்டு.

அதே ஓடுதான் உள்ளே இருக்கும் ஏப்ரின் என்ற நச்சுப் புரதத்தையும் அடைத்து வைத்திருக்கிறது. முழுதாக விழுங்கிய மணி பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். மென்றாலோ, அரைத்தாலோ, துளையிட்டாலோ கதை வேறு. நன்றாக மென்ற ஒரு மணியே உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஏப்ரினுக்கு இரண்டு பகுதிகள். ஒன்று நம் செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு மற்றதை உள்ளே சேர்க்கிறது. உள்ளே போனது, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை ஒன்றன்பின் ஒன்றாக முடக்குகிறது. புரதம் இல்லாமல் செல் மடிகிறது. ஆமணக்கு விதையின் ரிசினும் இப்படித்தான் கொல்கிறது. 1891இல் ஆய்வாளர் பால் எர்லிக் இவ்விரு நஞ்சுகளையும் எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, உடலில் எதிர்ப்பாற்றல் உருவாவதைக் காட்டினார். நோயெதிர்ப்பியலின் தொடக்ககால ஆய்வுகளில் அது முக்கியமானது.

மணிகளைக் கோத்து அணிகலன் செய்யும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. 2011இல் பிரிட்டனின் ஈடன் புராஜெக்ட் தோட்டம், தான் விற்ற குன்றிமணிக் கைவளையங்களைத் திரும்பப் பெற்றது. கோக்கத் துளை போட்டாலே ஓட்டின் காவல் போய்விடுகிறது.

வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற அறிகுறிகள் தலைகாட்டச் சில மணி நேரமாகலாம், ஓரிரு நாளும் ஆகலாம். ஏப்ரினுக்கு மாற்று மருந்து கிடையாது. நீரிழப்பை ஈடுகட்டி உடலைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. அதனால் குழந்தை குன்றிமணியை வாயில் போட்டுக்கொண்டால், மென்றதா விழுங்கியதா என்று விசாரித்துக் காலம் கடத்த வேண்டாம். மீதி மணியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.